நிலவுக்குப் போகும் வழியில் ஒரு பங்கர் படகு

போன சனிக்கிழமை மாலை அண்ணன் மகளோடு ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் நடந்துகொண்டிருந்தேன். உயர்நிலை 2இல் படிக்கிறாள். பள்ளியில் விண்வெளி பற்றி ஓர் ஒப்படைப்பு கொடுத்திருக்கிறார்கள். "சித்தப்பா, விண்வெளி நிலையத்துக்கு ஆளுங்கள தனியார் ராக்கெட் கூட்டிட்டுப் போகுது. அப்புறம் நிலாவுக்கு மட்டும் எதுக்கு அரசாங்க ராக்கெட்? அதையும் தனியார்கிட்ட விட்டுட்டா என்ன?" என்று கேட்டாள்.

நான் கடலைக் காட்டினேன். கரையிலிருந்து பார்த்தால் எந்நேரமும் கப்பல்கள் வரிசையாக நங்கூரம் போட்டு நிற்கும். அவற்றில் பல இங்கே சரக்கு இறக்க வந்தவை அல்ல, எரிபொருள் நிரப்ப வந்தவை. அந்த எரிபொருளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பங்கர் படகுகளில் பதினோரு வருடம் வேலை பார்த்தவன் நான். அவள் கேட்டதற்கான விடையில் பாதி அந்தக் கடலிலேயே இருக்கிறது. அன்று அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில், அரசாங்க ராக்கெட் என்றால் என்ன? அரசு ஊழியர்கள் கூடிக் கட்டுவது என்றுதான் பலர் நினைக்கிறோம். நாசாவின் நிலவு ராக்கெட்டான எஸ்.எல்.எஸ்.ஸின் நடுப்பகுதியைக் கட்டுவது போயிங். பக்கவாட்டில் நிற்கும் இரண்டு திட எரிபொருள் ராக்கெட்டுகளைத் தயாரிப்பது நார்த்ரப் கிரம்மன். 1969இல் ஆம்ஸ்ட்ராங்கைக் கொண்டுபோன சாட்டர்ன் 5 ராக்கெட்டையும் போயிங், நார்த் அமெரிக்கன், டக்ளஸ் என்ற மூன்று தனியார் நிறுவனங்கள்தான் பகுதி பகுதியாகக் கட்டின. ஆக, ஸ்பானரைப் பிடிக்கும் கை அன்றும் தனியார் கைதான்.

வித்தியாசம் எங்கே என்றால், பொருள் யாருடையது, பணம் எப்படிக் கொடுக்கப்படுகிறது என்பதில். வீவக வீட்டில் சமையலறையைப் புதுப்பிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குத்தகைக்காரர், "மொத்தம் இருபதாயிரம் வெள்ளி, முடித்துக் கொடுக்கிறேன்" என்கிறார். தரைக்குக் கீழே பழைய குழாய் உடைந்திருந்தால் அது அவர் கவலை. இன்னொருவர், "ஆகிற செலவைக் கொடுங்கள், அதற்கு மேல் என் கூலி இவ்வளவு" என்கிறார். குழாய் உடைந்திருந்தால் அது உங்கள் கவலை. இரண்டாவது முறை மோசடி என்று சொல்ல முடியாது. இதுவரை யாரும் செய்யாத வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே யாரால் சொல்ல முடியும்? ஆனால் அதில் வேலையைச் சீக்கிரம் முடிக்க வேண்டிய அவசரம் யாருக்கும் இருக்காது.

எஸ்.எல்.எஸ். இரண்டாவது முறையில் கட்டப்பட்டது. 2010இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு இதைத் தொடங்கியபோது 2016 முடிவுக்குள் தயாராக வேண்டும் என்றார்கள். முதல்முறை பறந்தது 2022 நவம்பர் 16. ராக்கெட், அதன் தலையில் வீரர்களை ஏற்றிப் போகும் ஓரியன் விண்கலம், ஏவுதளம் எல்லாம் சேர்த்து முதல் நான்கு பயணங்களில் ஒவ்வொன்றுக்கும் 4.1 பில்லியன் டாலர் ஆகும் என்று நாசாவின் தலைமை ஆய்வாளர் 2022இல் நாடாளுமன்றத்தில் சொன்னார். ஒருமுறை பறந்ததும் ராக்கெட் கடலுக்குள் போய்விடும். அந்த முதல் பயணத்தில் போன நான்கு இயந்திரங்களும் முன்பு நாசாவின் விண்வெளி ஓடத்தில் (ஸ்பேஸ் ஷட்டில்) பறந்து, பத்திரமாகத் திரும்பி, சுத்தம் செய்யப்பட்டு மீண்டும் பறந்தவை. திரும்பத் திரும்பப் பயன்படுத்தவென்றே செய்த அந்த இயந்திரங்களைக் கடலில் போட்டது எனக்கு இன்றும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. இயந்திரங்களோடு வாழ்ந்தவர்களுக்கு இது புரியும்.

தனியார் ராக்கெட் என்று நாம் சொல்வது முதல் வகைக் குத்தகை. 2014இல் நாசா இரண்டு நிறுவனங்களிடம் விண்வெளி நிலையத்துக்கு ஆட்களைக் கொண்டுபோகச் சொன்னது. போயிங்குக்கு 4.2 பில்லியன் டாலர், ஸ்பேஸ்எக்ஸுக்கு 2.6 பில்லியன். விலை முன்கூட்டியே பேசி முடித்தது. கலம் நிறுவனத்துக்கே சொந்தம், நாசா பயணச்சீட்டு வாங்குகிறது. குறைந்த பணம் வாங்கிய ஸ்பேஸ்எக்ஸ் 2020 மே 30இல் இரண்டு வீரர்களை ஏற்றிக்கொண்டு போனது. போயிங்கின் ஸ்டார்லைனர் 2024 ஜூனில்தான் வீரர்களோடு கிளம்பியது. அதிலும் ஹீலியம் கசிந்து, சிறு உந்திகள் மக்கர் செய்து, கடைசியில் கலம் காலியாகத் திரும்பியது. அதில் போன புட்ச் வில்மோரும் சுனிதா வில்லியம்ஸும் 2025 மார்ச்சில் ஸ்பேஸ்எக்ஸ் கலத்தில்தான் இறங்கினார்கள். சுனிதா எப்போது வருவார் என்று இங்கே காப்பிக் கடையிலெல்லாம் பேசிக்கொண்டது நினைவிருக்கலாம். தனியார் என்ற பெயர் மட்டும் ஒன்றையும் பாதுகாத்துவிடாது. ஆனால் அந்தத் தாமதத்தால் வந்த ஒன்றரை பில்லியன் டாலருக்கும் மேற்பட்ட நட்டத்தைப் போயிங்தான் ஏற்றது, வரிப்பணம் ஏற்கவில்லை. குத்தகை முறையின் பலன் அது.

சரி, விண்வெளி நிலையத்துக்கு இது நடக்கிறது. நிலவுக்கு ஏன் அதே டிக்கெட் செல்லாது?

விண்வெளி நிலையம் நம் தலைக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டரில் இருக்கிறது. நிலவு சராசரியாக 3,84,400 கிலோமீட்டரில். தூரத்தைவிட வேகம்தான் தொல்லை. பூமியைச் சுற்றிக்கொண்டிருக்க மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகம் போதும். நிலவை நோக்கிக் கிளம்ப அதை 39,000க்கு உயர்த்த வேண்டும். அந்தக் கூடுதல் வேகத்துக்கான எரிபொருளையும் தரையிலிருந்தே தூக்க வேண்டும், அந்த எரிபொருளைத் தூக்க இன்னும் எரிபொருள் வேண்டும். இப்படி ஒன்று ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து ராக்கெட் மலைபோல் ஆகிவிடுகிறது. நால்வரை ஏற்றும் ஓரியன் கலம் ஏறக்குறைய 26 டன். எஸ்.எல்.எஸ். நிலவை நோக்கித் தள்ளக்கூடிய எடை 27 டன். ஒன்றுக்கு ஒன்று அளவெடுத்துத் தைத்தது போல.

தனியார் பக்கம் இதற்கு ஈடாக ஒரே வீச்சில் தள்ளும் ராக்கெட் இருக்கிறதா என்று 2019இலேயே தேடிப் பார்த்தார்கள். அப்போது நாசாவின் தலைவராக இருந்த ஜிம் பிரைடன்ஸ்டைன், எஸ்.எல்.எஸ். தாமதமாவதைப் பார்த்து, ஓரியனைத் தனியார் ராக்கெட்டில் அனுப்பலாமா என்று செனட் குழுவின் முன்பே வாய்விட்டுக் கேட்டார். ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் ஹெவி ராக்கெட் பூமியைச் சுற்றும் பாதைக்கு 60 டன்னுக்கு மேல் தூக்கும். அங்கிருந்து நிலவுக்குத் தள்ள அதன் சொந்த மேலடுக்குக்குப் பலம் போதாது. கலத்தை ஒரு ராக்கெட்டிலும் தள்ளுவதற்கான அடுக்கை இன்னொன்றிலும் அனுப்பி மேலே இணைக்கலாம் என்றால், அன்றைய ஓரியனுக்கு அப்படி இணையும் வசதி இல்லை. கடைசியில் நேரமும் செலவும் கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டார்கள்.

ஆள் இல்லாத பயணத்தில் கதை வேறு மாதிரி முடிந்தது. வியாழன் கோளைச் சுற்றும் யுரோப்பா என்ற நிலவை ஆராயப் போகும் யுரோப்பா கிளிப்பர் கலத்தை எஸ்.எல்.எஸ்.ஸில்தான் அனுப்ப வேண்டும் என்று சட்டமே இருந்தது. பிறகு அதைத் தளர்த்தி 2024 அக்டோபர் 14இல் ஃபால்கன் ஹெவியில் அனுப்பினார்கள். ஏறக்குறைய இரண்டு பில்லியன் டாலர் மிச்சம். ஆனால் எஸ்.எல்.எஸ்.ஸில் மூன்று ஆண்டுக்குள் போயிருக்க வேண்டிய கலம், இப்போது செவ்வாயையும் பூமியையும் சுற்றி வேகம் எடுத்துக்கொண்டு ஐந்தரை ஆண்டு கழித்து 2030 ஏப்ரலில் போய்ச் சேரும். கருவி பொறுத்துக்கொள்ளும். மூச்சு விடுகிற, சாப்பிடுகிற நான்கு பேரைச் சுற்றுவழியில் அனுப்ப முடியாது.

இங்கேதான் நம் கடல் வருகிறது.

ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்குப் போகும் கப்பல் முழுப் பயணத்துக்குமான எண்ணெயைச் சுமந்துகொண்டு கிளம்புவதில்லை. வழியில் சிங்கப்பூரில் நிற்கும். பங்கர் படகு பக்கத்தில் போய் நிற்கும், எண்ணெய் ஏறும், கப்பல் கிளம்பும். உலகத்திலேயே அதிகமாகக் கப்பல் எரிபொருள் விற்கும் துறைமுகம் நம்முடையது. 2024இல் மட்டும் 54 மில்லியன் டன்னுக்கு மேல். வழியில் நிரப்பலாம் என்ற நம்பிக்கை இருப்பதால்தான் கப்பல் தன் எடையைச் சரக்குக்கு வைத்துக்கொள்கிறது.

ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்ஷிப் அதே யோசனைதான். 120 மீட்டருக்கு மேல் உயரம், அடியில் 33 இயந்திரங்கள். பூமியைச் சுற்றும் பாதைக்குப் போய்ச் சேர்வதற்குள் தொட்டி கிட்டத்தட்டக் காலி. அங்கே நின்றுகொண்டு, பின்னால் வரும் எரிபொருள் கப்பல்களிடம் நிரப்பிக்கொண்ட பிறகுதான் நிலவுக்குக் கிளம்ப முடியும். நிரப்ப வேண்டியது ஆயிரம் டன்னுக்கும் மேல். எத்தனை நடை வேண்டும் என்பதில் ஆளுக்கு ஒரு கணக்கு. பத்துக்கு மேல், இருபதுக்குள் என்று வைத்துக்கொள்ளலாம். ஜெஃப் பெசோஸின் புளூ ஆரிஜின் நிறுவனம் நிலவில் இறங்குவதற்காகச் செய்யும் இறங்குகலமும் விண்வெளியில் நிரப்பிக்கொண்டுதான் போக வேண்டும்.

இப்படி மேலே நிரப்பப் போகிறார்கள் என்று படித்ததும் எனக்கு என் பழைய வேலை அப்படியே கண்முன் வந்தது. படகு கப்பலோடு ஒட்டி நிற்கும்போது நடுவில் பெரிய ரப்பர் தடுப்புகள் நசுங்கி முனகும். கப்பலின் கிரேன் எங்கள் குழாயைத் தூக்கிக்கொண்டு போகும். மேலே அதன் வாயை வைத்து, ஒரு ஓட்டை விடாமல் எல்லா போல்ட்டையும் முடுக்குவார்கள், கீழே தட்டு வைப்பார்கள். எடுத்த எடுப்பில் வேகமாக அனுப்பவே மாட்டோம். முதலில் மெதுவாக விட்டு, இணைப்பில் ஒரு சொட்டுகூடக் கசியவில்லை என்று மேலே இருப்பவர் கை காட்டிய பிறகுதான் வேகத்தைக் கூட்டுவோம். அலை பெரிதானால் நிறுத்திவிடுவோம். தினமும் செய்கிற வேலை. தினமும் அதே கவனம்.

எங்கள் தொழிலில் 'கப்புசினோ' என்று ஒரு சொல் உண்டு. எண்ணெயில் காற்றுக் குமிழ்கள் கலந்து நுரைத்துவிட்டால் தொட்டியில் மட்டம் உயர்ந்து தெரியும், உள்ளே சரக்கு குறைவாக இருக்கும். அளவு பார்க்கிறவர் ஏமாந்துபோவார். மட்டத்தைப் பார்க்காமல் எடையையே அளக்கும் மீட்டர்களைச் சிங்கப்பூர் 2017 முதல் கட்டாயமாக்கியதற்கு இதுவும் ஒரு காரணம். விண்வெளியில் திரவம் எப்போதுமே அப்படித்தான் இருக்கும். எடையற்ற நிலையில் அதற்குக் கீழ் என்று ஒரு பக்கம் கிடையாது. உருண்டை உருண்டையாக மிதக்கும், நடுவில் வாயு புகுந்துகொள்ளும். குழாயின் வாயில் திரவம் நிற்கிறதா, வாயு நிற்கிறதா என்றே தெரியாது. இணைந்து நிற்கும் இரண்டு கலங்களையும் சிறு உந்திகளால் மெல்லத் தள்ளிக்கொண்டே இருந்தால் திரவம் ஒரு பக்கமாக ஒதுங்கும், அப்போது மாற்றலாம். சொல்ல எளிது.

இரண்டாவது சிக்கல் ஆவியாதல். ஸ்டார்ஷிப்பில் இருப்பது திரவ மீத்தேனும் திரவ ஆக்சிஜனும். மீத்தேன் மைனஸ் 161 டிகிரியிலும் ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியிலும் கொதிக்கத் தொடங்கிவிடும். இதுவும் நமக்குப் புதிதில்லை. 2021 முதல் இங்கே எல்.என்.ஜி. நிரப்பும் பங்கர் கப்பல் ஓடுகிறது, எல்.என்.ஜி. என்பது பெரும்பாலும் திரவ மீத்தேன்தான். அந்தக் கப்பல்களில் எவ்வளவு நல்ல காப்பு போட்டாலும் தினமும் கொஞ்சம் ஆவியாகும். அதைப் பிடித்து இயந்திரத்தில் எரித்துக்கொள்வார்கள். விண்வெளியில், பாதி நேரம் சுட்டெரிக்கும் வெயிலில் சுற்றும் தொட்டியில், ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் நடுவே வாரங்கள் போனால் முதலில் கொண்டுபோனதில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். அதை ஈடுகட்ட இன்னொரு நடை. நடைகளின் எண்ணிக்கையில் ஆளுக்கு ஒரு கணக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விண்வெளியில் எரிபொருள் நிரப்புவதே புதிது என்று நினைக்க வேண்டாம். சோவியத் ஒன்றியத்தின் புரோகிரஸ் கலம் 1978இல் சல்யூட் 6 நிலையத்துக்கு நிரப்பியது. ஆனால் அது சாதாரண வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் எரிபொருள், அளவும் கொஞ்சம். குளிர்திரவத்தை நூற்றுக்கணக்கான டன் மாற்றுவது வேறு வேலை. 2024 மார்ச்சில் நடந்த மூன்றாவது பறப்பில் ஸ்டார்ஷிப் தனக்குள்ளேயே ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்கு மாற்றிப் பார்த்தது. ஒரு ஸ்டார்ஷிப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது 2025 முடியும் வரை நடக்கவில்லை. அந்த ஆண்டு அது நிரப்புவது இருக்கட்டும், ஜனவரியிலும் மார்ச்சிலும் மேலே போகும்போதே வெடித்துச் சிதறியது. அதேசமயம் அதற்கு முந்தைய அக்டோபரில் திரும்பி வந்த அடிப்பகுதியை ஏவுகோபுரத்தின் கைகளிலேயே பிடித்ததையும் நாம் பார்த்தோம். அதை நேரலையில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பல ராக்கெட்டா, ஒரே பெரிய ராக்கெட்டா என்ற வாதம் அப்பல்லோ காலத்திலேயே நடந்தது. பூமியைச் சுற்றும் பாதையில் பல துண்டுகளை இணைத்துக்கொண்டு போகலாம் என்று ஒரு தரப்பு. ஒரே ராக்கெட்டில் போய், நிலவைச் சுற்றும்போது சிறிய இறங்குகலத்தைப் பிரித்து அனுப்பலாம் என்று நாசா பொறியாளர் ஜான் ஹூபோல்ட் விடாமல் வாதாடினார். 1962இல் அவர் வழியே வென்றது. அன்று விண்வெளியில் இரண்டு கலங்கள் ஒருமுறைகூட இணைந்ததில்லை. முதல் இணைப்பு 1966இல்தான். தெரியாத வேலையை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்தார்கள், அன்றைக்கு அது சரியான முடிவு. இன்று இணைப்பது அன்றாட வேலை ஆகிவிட்டது. சீனா ஓர் அரசாங்க ராக்கெட்டை வைத்துக்கொண்டே, 2030க்குள் இரண்டு லாங் மார்ச் 10 ராக்கெட்டுகளை ஏவி, ஒன்றில் வீரர்களையும் இன்னொன்றில் இறங்குகலத்தையும் அனுப்பி நிலவருகே இணைக்கத் திட்டமிட்டிருக்கிறது.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஓரியனின் தலையில் ஒரு தப்பிக்கும் கோபுரம் இருக்கிறது. ராக்கெட்டுக்கு ஏதாவது ஆனால் கலத்தைப் பிடுங்கிக்கொண்டு பறந்துவிடும். 2018 அக்டோபரில் ரஷ்யாவின் ஒரு சோயுஸ் ராக்கெட் நடுவழியில் பழுதானபோது உள்ளே இருந்த இருவரும் உயிரோடு இறங்கியது இப்படிப்பட்ட தப்பிக்கும் ஏற்பாட்டால்தான். விண்வெளி ஓடத்தில் அது இல்லை. 1986இல் சேலஞ்சரில் ஏழு பேரை இழந்தோம். ஸ்டார்ஷிப்பிலும் தனியாகத் தப்பிக்கும் கலம் இல்லை. எத்தனை முறை பறந்தாலும் இந்தக் குறை குறைதான் என்பது என் கருத்து. இதற்கு ஒரு வழி பேசப்படுகிறது. வீரர்களைப் பழகிய ஃபால்கன் 9 ராக்கெட்டில், தப்பிக்கும் வசதியுள்ள டிராகன் கலத்தில் மேலே கொண்டுபோய், அங்கே நிரப்பி நிற்கும் ஸ்டார்ஷிப்புக்கு மாற்றிவிடலாம். போவதற்கு நல்ல வழி. திரும்பும்போது கலம் அந்த 39,000 கிலோமீட்டர் வேகத்தோடு வரும், அதைக் குறைத்து மறுபடி டிராகனோடு இணைய இன்னும் நிறைய எரிபொருள் வேண்டும். மறுபடியும் பங்கர் படகுக்கே வந்து நிற்கிறோம்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். முதல் வீரர்களை ஏற்றுவதற்கு முன் ஃபால்கன் 9 எண்பது முறைக்கும் மேல் பறந்திருந்தது. எஸ்.எல்.எஸ்.ஸின் இரண்டாவது பயணமே நான்கு பேருக்கானது. ஒரு வால்வு எப்படிக் கெடும், ஒரு மூட்டு எந்தப் பருவத்தில் கசியும் என்பது அடிக்கடி செய்கிறவனுக்குத்தான் தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை பங்கர் கொடுக்கும் படகோடு என் கப்பலை நான் கட்டவிட மாட்டேன்.

பொறியியல் மட்டும் இதை முடிவு செய்வதும் இல்லை. 2025 மே மாதம் அமெரிக்க அரசின் நிதித் திட்டம் நாசாவின் நிலவுத் திட்டமான ஆர்ட்டெமிஸின் மூன்றாவது பயணத்தோடு எஸ்.எல்.எஸ்.ஸையும் ஓரியனையும் நிறுத்தலாம் என்றது. ஜூலையில் நாடாளுமன்றம் நான்காவது, ஐந்தாவது பயணங்களுக்கான ராக்கெட்டுக்கு 4.1 பில்லியன் டாலர் ஒதுக்கியது. பல மாநிலங்களில் பல குடும்பங்களின் சம்பளம் அந்த ராக்கெட்டில் இருக்கிறது.

நமக்கு இதில் என்ன என்று அண்ணன் மகள் கேட்டாள். சிங்கப்பூருக்குச் சொந்த ராக்கெட் கிடையாது. நாம் எப்போதும் டிக்கெட் வாங்கிப் போகிறவர்கள். 2011இல் எக்ஸ்சாட், 2015இல் டெலியோஸ் 1, 2023இல் டெலியோஸ் 2 என்ற நம் செயற்கைக்கோள்கள் எல்லாம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில்தான் போயின. அரசாங்கம் செய்த ராக்கெட், காசு கொடுத்து வாங்கிய இடம். அப்படிப் பார்த்தால் இந்த எல்லைக்கோடு நமக்கு எப்போதுமே அழிந்தேதான் இருந்திருக்கிறது. 2022இல் ஆர்ட்டெமிஸ் ஒப்பந்தத்தில் பதினெட்டாவது நாடாகக் கையெழுத்தும் போட்டிருக்கிறோம். நிலவுக்கான டிக்கெட் விலை குறைவது நம்மைப் போன்ற சின்ன நாட்டுக்குத்தான் அதிகம் முக்கியம்.

"அப்போ பதில் ஆமாவா, இல்லையா?" என்று கறாராகக் கேட்டாள். ஒப்படைப்பில் எழுத வேண்டுமே. இறங்குகலத்தைப் பொறுத்தவரை மாற்றம் ஏற்கெனவே நடந்துவிட்டது, 2021இலேயே அந்த வேலை ஸ்பேஸ்எக்ஸிடம் போய்விட்டது என்றேன். ஆட்களைத் தரையிலிருந்து நிலவு வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதற்கு, மேலே நிரப்பும் வேலை பழகும் வரை எஸ்.எல்.எஸ்.ஸைக் கைவிடக் கூடாது. பழகிய பிறகு அதற்கு மேல் ஒரு வருடம்கூட அதற்குப் பணம் கொட்ட வேண்டியதில்லை. என் பதில் இவ்வளவுதான்.

எப்போது பழகிவிட்டது என்று எப்படித் தெரியும் என்றாள். பங்கர் முடிந்ததும் இரு தரப்பும் கையெழுத்துப் போடும் ரசீது ஒன்று உண்டு. அதில் எவ்வளவு எடை ஏறியது, என்ன வெப்பநிலை, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது எல்லாம் இருக்கும். இரண்டு ஸ்டார்ஷிப்கள் மேலே இணைந்தன என்ற செய்தி ஒருநாள் வரும், படமும் அழகாக இருக்கும். நீ படத்தைப் பார்த்துவிட்டு எண்களைத் தேடு என்றேன்: எத்தனை டன் அனுப்பினார்கள், எத்தனை டன் போய்ச் சேர்ந்தது, ஒரு வாரம் கழித்து அதில் எத்தனை டன் மிச்சம் இருந்தது. கைப்பேசியில் மூன்றையும் குறித்துக்கொண்டாள். அதற்குள் இருட்டிவிட்டது, கடலில் கப்பல்களின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின.